பின்பலகையில் நாலு விரல் கட்டை

எங்கள் கடற்றொழிலாளர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. எஞ்சின் வேலை பற்றி ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று சங்கத்துப் பிள்ளைகள் வந்து கேட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத வராது என்றேன். "நீங்கள் சொல்லுங்கோ ஐயா, நாங்கள் எழுதுறம்" என்றார்கள். அது வேண்டாம் என்றேன். நான் ஒன்று சொன்னால் அவர்கள் மூன்று எழுதுவார்கள். ஆகவே நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளட்டும்.

அவர்கள் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது வருகிற எஞ்சின்களில் கைப்பிடியில் ஒரு பொத்தான் இருக்கிறது. அமத்தினால் எஞ்சின் தானே சாய்கிறது, தானே நிமிர்கிறது. இனி எஞ்சின் பூட்டுகிறவனுக்கு என்ன வேலை என்று ஒருவர் கேட்டாராம். பொத்தான் நல்லது. நான் குறை சொல்லமாட்டேன். என் முதுகு முறிந்தது அந்தப் பொத்தான் இல்லாமல்தான். ஆனால் பொத்தான் எஞ்சினைச் சாய்க்கும்; உயர்த்தாது, தாழ்த்தாது. எந்த உயரத்தில் பூட்டினீர்களோ அந்த உயரத்தில்தான் அது நிற்கும். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நான் பிறந்தது மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா தோட்டத்துத் தொழிற்சாலையில் மெஷின்களுக்கு எண்ணெய் விடுகிற வேலை. ஒரு கலவரத்தோடு தோட்டத்தை விட்டு வந்து இலுப்பைக்கடவைப் பக்கம் குடியேறினோம். கலியாணமும் அங்கேதான். வயலில் கூலி வேலை. வயல்காரர்களின் தண்ணீர்ப் பம்பு நின்றால் நான் கழற்றிப் பார்ப்பேன். பெரும்பாலும் ஓடிவிடும். அப்படி ஒரு பம்புக்கு ஒரு வளையம் தேடி மன்னார்த் தீவுக்கு வந்தபோதுதான் அமீன் பாஸின் பட்டறைக்குள் நுழைந்தேன்.

எங்கள் பக்கம் கைவேலை தெரிந்த பெரிய வேலைக்காரரைப் பாஸ் என்போம். அமீன் பாஸ் என்னைவிடப் பல வயது இளையவர். சொந்த ஊர் சிலாவத்துறை. கலியாணம் முடித்து மனைவியின் ஊரான தீவுக்கு வந்தவர். மெலிந்த ஆள். குரல் உயர்த்திப் பேச மாட்டார். வளையத்தைத் தந்துவிட்டு, "இதை ஆர் போடப் போறது?" என்று கேட்டார்.

"நான்தாங்க."

"இங்கயே போடுங்கோ, பாப்பம்."

போட்டேன். பார்த்தார். "நாளைக்கு வாறீங்களா அண்ணன்?" என்றார். வேலைக்கு எடுத்தது அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் அவரைப் பாஸ் என்றேன், அவர் என்னை அண்ணன் என்றார். கடைசி வரை அதை மாற்றவில்லை.

முதல் இரண்டு வருஷம் காபரேட்டர் கழுவினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மற்றவர்கள் எனக்குத் தேயிலை என்று பெயர் வைத்தார்கள். அதுவும் பரவாயில்லை.

சண்டைக் காலம் தொடங்கியதும் அரசாங்கம் பெரிய எஞ்சின்களைத் தடை செய்தது. பெரிய படகு வைத்திருந்தவனும் சின்ன எஞ்சினோடுதான் தொழிலுக்குப் போகவேண்டும். மண்ணெண்ணெயும் அளந்துதான் கிடைத்தது. எஞ்சின் சின்னதானதும் அதைப் பூட்டுகிற இடம் பெரிய விஷயமாகிவிட்டது. பெரிய எஞ்சினைப் பிழையாகப் பூட்டினாலும் இழுத்துக்கொண்டு ஓடும். சின்னது ஓடாது. விரல் அகலத்தில் எல்லாம் மாறிவிடும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சின் தொங்குவது படகின் பின்பலகையில். அதன் கால் தண்ணீருக்குள் இறங்கும். காலின் நுனியில் விசிறி. விசிறிக்கு மேலே ஒரு தட்டைத் தகடு இருக்கும். அந்தத் தகடு படகின் அடிமட்டத்தோடு ஒரே நேரில் நிற்கவேண்டும், அல்லது சற்றுக் கீழே. தகடு மேலே போனால் விசிறி தண்ணீரோடு காற்றையும் விழுங்கும். எஞ்சின் அலறும், படகு நகராது. மிகக் கீழே போனால் கால் தண்ணீரை உழும், கைப்பிடி கல்லாகக் கனக்கும். இது உயரம்.

அடுத்தது சாய்வு. பூட்டிய இடத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். அதில் ஒன்றில் ஒரு கம்பி போடுவோம். கம்பியை உள் துளையில் போட்டால் எஞ்சினின் கால் பலகையோடு நெருங்கும், படகின் அணியம், அதுதான் முன்மூக்கு, கீழே இறங்கும். வெளித் துளையில் போட்டால் அணியம் எழும்பும். அளவு மீறினால் படகு தவளை மாதிரிக் குதிக்கும்.

இதெல்லாம் எஞ்சினோடு வருகிற புத்தகத்திலும் இருக்கிறதாம். அமீன் பாஸ் அதை எப்படிச் செய்தார் என்பதுதான் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அவர் வெறும் படகில் எஞ்சின் பூட்ட மாட்டார். தொழிலுக்குப் போகிற மாதிரியே படகை ஏற்றவேண்டும். வலை, ஐஸ் பெட்டி, தண்ணீர்க் கலன், அணியத்தில் உட்காருகிற ஆள், எல்லாம். கரையில் ஒரு நேரான பனஞ்சலாகையைப் படகின் அடியில் வைத்துத் தகட்டின் உயரம் பார்ப்பார். பிறகு கடலில் இறக்கி ஓடச் சொல்வார். எல்லாரும் முன்னால் பார்த்து உட்காருவார்கள். அவர் மட்டும் பின்னால் பார்த்து உட்காருவார். தொப்பியைக் கழற்றி மடியில் வைப்பார். படகு விட்டுப் போகிற வெள்ளை நுரையை அவர் வால் என்பார். வாலைத்தான் பார்ப்பார். வால் நேராகப் போகிறதா, ஒரு பக்கம் வளைகிறதா, நுரை எங்கே எழும்புகிறது, திரும்பும்போது வால் அறுகிறதா. எஞ்சின் ஓடும்போது ஒரு வார்த்தை பேசமாட்டார். பிழை இருந்தால் கையைத் தூக்குவார். நிறுத்திவிட்டுக் கம்பியை மாற்றுவோம், அல்லது எஞ்சினை ஒரு விரல் வலப்பக்கம் தள்ளுவோம். சரி வந்தால் தொப்பியை எடுத்துத் தலையில் போடுவார், எழும்பி முன்பக்கம் திரும்பி உட்காருவார். அவ்வளவுதான். நல்லது என்று சொல்ல மாட்டார். தொப்பி தலைக்கு ஏறினால் வேலை முடிந்தது.

நான் அந்த ஓட்டங்களில் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருப்பேன். எனக்கு நீந்தத் தெரியாது. மலையில் எங்கே நீந்துவது?

சூசை என்று ஒரு சம்மாட்டி, சொந்தப் படகு வைத்துத் தொழில் செய்கிறவர், இருந்தார். கத்தோலிக்கர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். புதிதாக ஒரு நீளமான பைபர் படகு எடுத்திருந்தார். ஒரு நாள் சத்தம் போட்டுக்கொண்டே பட்டறைக்கு வந்தார்.

"அமீன், உன்ர எஞ்சினுக்குப் பேய் பிடிச்சிட்டு. அலையில்லாத கடல்ல படகு குதிக்குது. என்ர குண்டி புண்ணாப் போச்சு."

பாஸ் கரைக்கு வந்து படகைப் பார்த்தார். "வலை எங்க சூசையண்ணன்?"

"வலை வீட்டில."

"ஐஸ் பெட்டி?"

"அதுவும் வீட்டில."

"அப்ப படகையும் வீட்டில வச்சிட்டு வந்திருக்கலாமே."

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சூசை முறைத்தபடி போய் எல்லாவற்றையும் ஏற்றி வந்தார். ஓடினோம். அப்போதும் குதித்தது, ஆனால் குறைவு. பாஸ் கையைத் தூக்கினார். கம்பியை ஒரு துளை உள்ளே போட்டேன். மறுபடி ஓடினோம். குதிப்பு நின்றுவிட்டது. தொப்பி ஏறியது.

"இவ்வளவுதானா?" என்றார் சூசை. அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் விளிம்பைப் பிடித்தபடி இருந்தேன். "டேய் தேயிலை, இது தேத்தண்ணி இல்லை. விழுந்து குடிச்சுப் பாராதை." அடுத்த நாள் ஒரு பாரை மீனைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் போட்டுவிட்டுப் போனார். எனக்குத்தான் பெரிய துண்டு வந்தது.

அவருடைய பின்பலகையில் ஒரு வேப்பங்கட்டை இருந்தது. நாலு விரல் உயரம். தீவில் எல்லாப் படகிலும் அது இருக்கும். ஏன் என்றால் எங்கள் கரை ஆழமில்லாத கரை. வெளியே மணல் மேடு கிடக்கிறது, தீடை என்போம். தீடையைக் குறுக்கே தாண்டும்போது விசிறி மணலில் இடித்து உடையும். அதனால் பின்பலகைக்கு மேல் ஒரு கட்டையைப் போல்ட் போட்டு இறுக்கி, அதற்கு மேல் எஞ்சினைத் தொங்கவிடுவார்கள். எஞ்சின் நாலு விரல் உயர்ந்து நிற்கும். மேட்டில் தப்பிவிடும். கரைக்குக் கிட்ட தொழில் செய்கிறவனுக்கு அது போதும். ஆனால் வெளிக்கடலில் பின்னாலிருந்து அலை வந்தால் அது உதவாது. அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கும்போது, ஏற்கெனவே உயர்ந்து நிற்கிற விசிறி வெளியே வந்துவிடும். எஞ்சின் அலறும், படகுக்குத் தள்ளு இருக்காது, தள்ளு இல்லாத படகை அடுத்த அலை குறுக்கே திருப்பும். குறுக்கே திரும்பிய படகு கவிழும்.

பாஸ் ஒவ்வொரு முறையும் சொல்வார்: "கட்டை கரைக்குச் சரி சூசையண்ணன். தூரம் போறதெண்டா கழட்டுங்கோ." சூசை ஒவ்வொரு முறையும் சொல்வார்: "நான் எங்க தூரம் போகப் போறன்?"

அந்த வருஷம் ஐப்பசியில் இயக்கக்காரர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தீவில் உள்ள முஸ்லிம் ஆட்கள் எல்லாரும் வெளியேற வேண்டும். கொஞ்ச அவகாசம்தான் கொடுத்தார்கள். கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு போகவேண்டும். ஏன் என்று கேட்கிற காலம் இல்லை அது. அந்த மக்கள் எங்களுக்குச் செய்த பிழை ஒன்றும் எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

நான் பட்டறைக்குப் போனேன். பாஸ் அங்கே இருந்தார். ஸ்பானர்களைத் துடைத்து வரிசையாக மாட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "அந்தக் காபரேட்டர் முடிஞ்சிட்டா அண்ணன்?" என்று கேட்டார்.

"முடிஞ்சிருச்சுங்க பாஸ்."

"ஆள் வந்தாக் குடுத்திடுங்கோ."

நான் ஸ்பானர் பையையும் இரும்பு அறுக்கிற வாளையும் எடுத்துக்கொண்டு அவரோடு கரைக்கு நடந்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. கை சும்மா வரக்கூடாது என்று இருந்தது.

தெற்குக் கரை முழுக்கச் சனம். தெற்கே கற்பிட்டிக்குக் கடலால் கொண்டுபோய் விடுவதற்குப் படகுகள் நின்றன. சூசை தன்னுடைய படகைக் கொண்டுவந்திருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை, தானாக வந்தார். பாஸின் மனைவி, பிள்ளைகள், பாஸின் உம்மா, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் ஏறிவிட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் அணியத்தில். ஆண்கள் பின்பக்கம் எஞ்சினுக்குக் கிட்ட. எங்கேயும் அப்படித்தான் ஏறுவார்கள். அணியத்தில் ஆள் கூடி அது தாழ்ந்து நின்றது. பின்பக்கம் தூக்கி நின்றது. எஞ்சின் கட்டைக்கு மேல் தொங்கியது.

வாடைக்காற்று தொடங்கியிருந்தது. தெற்கே போகிற படகுக்கு அது பின்காற்று. கரையில் தெரியாது, தீவு மறைத்துக்கொள்ளும். வெளியே போனதும் அலை முழுக்கப் பின்னாலிருந்து வரும்.

"பாஸ், கட்டை" என்றேன்.

அவர் அதை ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் நின்றார். "நான் இண்டைக்கு ஏறிப் போற ஆள் அண்ணன்" என்றார். "வேலை உங்கட. நீங்கள் சொல்லுங்கோ."

அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் சூசையிடம் போனேன்.

"கட்டையைக் கழட்டணும் அண்ணே."

"இப்பவா? கழட்டினா மேட்டில விசிறி போயிடும். இவ்வளவு சனத்தோட நான் மணலில குந்தியிருக்கவா?"

அவர் சொன்னதும் சரிதான். எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கம்பால் ஊன்றிப் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வெறும் படகென்றால் போகலாம். தீடையின் வாயில் நீரோட்டம் இழுக்கும். ஆள் நிறைந்த படகை எஞ்சின் இல்லாமல் அதில் விட்டால் பக்கத்து மேட்டில் கொண்டுபோய்ப் போடும். சனத்தை இறக்கி நடக்கவைக்கவும் முடியாது. கிழவிகள், கைக்குழந்தைகள், ஒரு பிள்ளைத்தாய்ச்சியும் இருந்தாள். ஆகவே கட்டை மேட்டுக்கு வேண்டும், மேட்டுக்கு அப்பால் கூடாது.

"மேட்டைத் தாண்டுற வரைக்கும் இருக்கட்டும். தாண்டினதும் கடல்லயே கழட்டுவோம்" என்றேன்.

"கடல்ல எஞ்சினைக் கழட்டிறதோ? விசரா உனக்கு? ஆர் கழட்டிறது?"

"நான்தான்."

"உனக்கு நீந்தத் தெரியாதேடா!"

"எஞ்சினுக்கும் தெரியாது. அதனால கயிறு வேணும்."

சூசை என்னைப் பார்த்தார், பிறகு பாஸைப் பார்த்தார். பாஸ் படகில் கிடந்த ஒரு கயிற்றை எடுத்து எஞ்சினின் கழுத்தில் முடிச்சுப் போடத் தொடங்கினார். நான் ஏறினேன்.

மேட்டைத் தாண்டும்போது விசிறி ஒரு தரம் மணலை உரசியது. கட்டை இல்லாவிட்டால் அங்கேயே முடிந்திருக்கும். தாண்டியதும் சூசை நங்கூரம் போட்டார். அந்த இடத்தில் மேடு ஒரு பக்கம் இடுப்பளவு, மறுபக்கம் சரிந்து ஆழம். படகின் பின்பக்கம் ஆழத்துக்கு மேல் நின்றது. தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, எஞ்சினைப் பார்த்தேன்.

எண்ணெய்க் குழாயைக் கழற்றினேன். பூட்டிய திருகு இரண்டையும் தளர்த்தினேன். பாஸும் இன்னொருவரும் கயிற்றைப் பிடிக்க, சூசை பக்கத்தில் நின்று தூக்க, எஞ்சின் பின்பலகையை விட்டு எழும்பியது. அந்த நேரம் பார்த்து ஒரு அலை வந்தது. படகு ஆடியது. எஞ்சின் வெளிப்பக்கம் ஊஞ்சல் மாதிரிப் போனது. கயிறு இறுகிப் பாஸின் உள்ளங்கையைக் கிழித்தது. அவர் விடவில்லை. அது போயிருந்தால் அத்தனை சனமும் கடலில் எஞ்சின் இல்லாமல் நின்றிருப்பார்கள். மெதுவாக உள்ளே எடுத்துப் படகின் தரையில் கிடத்தினோம்.

அணியத்திலிருந்து பாஸின் உம்மா கேட்டார்: "தேயிலை, பயமா இருக்கா?"

"ஆமாங்க உம்மா."

"நல்லம். பயமில்லாதவன் வேலையைப் பிழைக்கப் பண்ணுவான். நீ பாத்துச் செய்."

கட்டையை இறுக்கியிருந்தது இரண்டு போல்ட். ஒன்று கழன்றது. மற்றது உப்பில் துருப்பிடித்துப் பலகையோடு ஒன்றாகிவிட்டது. ஸ்பானர் வழுக்கியது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம், அசையவில்லை. இரும்பு வாளை எடுத்தேன். பின்பலகைக்கு மேல் கவிழ்ந்து படுத்துத்தான் அறுக்கமுடியும். சூசை என் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டார். என் தலை தண்ணீருக்கு மேல் தொங்கியது. அலை எழும்பும்போது முகத்தில் அடிக்கும், தாழும்போது இரண்டு இழுப்பு இழுப்பேன். மற்றப் படகுகள் எங்களைத் தாண்டிப் போயின. அதில் இருந்தவர்கள் எஞ்சின் பழுதோ என்று கூப்பிட்டுக் கேட்டார்கள். "இல்லை, தேயிலைக்குக் குளிக்க வேணுமாம்" என்றார் சூசை. பயந்து அழுதுகொண்டிருந்த பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள்.

போல்ட் அறுந்தது. கட்டை வந்தது. எஞ்சினைப் பலகையில் நேராக மாட்டினோம். தகடு எங்கே நிற்கிறது என்று கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். படகின் அடிக்குச் சற்றுக் கீழே. இருக்கவேண்டிய இடம்.

இனி பாரம். அணியம் இப்படித் தாழ்ந்திருந்தால் உயரம் சரியாக இருந்தும் பயனில்லை. அலை பின்னால் தூக்க, மூக்கு தண்ணீரைக் குத்தும், படகு மூக்கில் சுழலும். பெண்களும் பிள்ளைகளும் பின்னுக்கு வரவேண்டும், ஆண்கள் கொஞ்சப் பேர் முன்னுக்குப் போகவேண்டும் என்றேன். பெண்கள் அசையவில்லை. எஞ்சின் புகை, பிற ஆண்கள் பக்கத்தில்.

உம்மாதான் எழும்பினார். "எண்ணெய்ப் புகையில ஆரும் மவுத்தானதா நான் கேள்விப்படல்ல. எழும்புங்கோடி. ஆம்பிளையள் அங்கால பாருங்கோ." ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு இடம் மாறினார்கள். அணியம் எழும்பி வந்தது. நான் சாய்வுக் கம்பியை ஒரு துளை வெளியே போட்டேன். பின்காற்றுக்கு மூக்கு சற்று மேலே நிற்பது நல்லது. இரண்டு துளை போடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பாஸைப் பார்த்தேன். அவர் வேண்டுமென்றே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துளையோடு விட்டேன்.

சூசை படகை மேட்டுப் பக்கம் ஒதுக்கினார். கரைக்குத் திரும்பி நடக்க நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். பாஸ் வேப்பங்கட்டையை எடுத்து என் கையில் தந்தார். அவருடைய உள்ளங்கை இரத்தம் அதில் பட்டிருந்தது.

"எறிஞ்சிடாதீங்கோ அண்ணன். நாங்கள் திரும்பி வரேக்க மேடு தாண்ட வேணும்" என்றார்.

"சரிங்க பாஸ்."

படகு புறப்பட்டது. நான் தீடையில் ஏறி நின்று பார்த்தேன். எல்லாரும் முன்னால் பார்த்து இருந்தார்கள். பாஸ் மட்டும் பின்னால் பார்த்து இருந்தார். தொப்பி மடியில். ஒவ்வொரு முறையும் இருக்கிற மாதிரியேதான்.

வால் எனக்கு நேராகத்தான் தெரிந்தது. ஆனால் நான் நின்ற இடத்தில் நின்று பார்ப்பது வேறு, படகில் இருந்து பார்ப்பது வேறு. தொப்பி ஏறுகிறதா என்று பார்த்தேன். ஏறவில்லை. தீவின் மறைப்பைத் தாண்டியதும் பின்னாலிருந்து முதல் அலை வந்தது, படகு எழும்பி இறங்கியது. எஞ்சின் அலறவில்லை. அப்போதும் ஏறவில்லை. கையும் உயரவில்லை. படகு சின்னதாகி, அவர் தலை கறுப்புப் புள்ளியாகி, அதுவும் தெரியாமல் போகும் வரை நின்றேன். தொப்பி ஏறவே இல்லை.

திரும்பி வரும்போது ஒரு குழியில் கால் போய்க் கழுத்துவரை இறங்கிவிட்டேன். கட்டையைக் கட்டிப்பிடித்தேன். அது மிதந்தது. அதனால்தான் இன்றைக்கு இதை எழுதுகிறேன்.

எல்லாரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள் என்று சில வாரங்களுக்குப் பிறகு ஒரு சம்மாட்டி சொல்லிக் கேள்விப்பட்டேன். தேவாலயத்துக்குள்ளும் போனேன், கோயிலுக்கும் போனேன், பள்ளிவாசல் வாசலிலும் நின்று கும்பிட்டேன். ஆனால் கரை சேர்வது வேறு, சரியாக ஓடுவது வேறு. பிழையாகப் பூட்டிய எஞ்சினோடும் கடவுள் சித்தத்தால் கரை சேர்ந்தவர்கள் உண்டு. இரண்டு துளை போட்டிருக்கவேண்டுமோ? தகடு இன்னும் ஒரு விரல் கீழே நின்றிருக்கவேண்டுமோ? அவ்வளவு தூரமும் அவர்களைப் பயந்தபடியே போக வைத்தேனோ? சூசையைக் கேட்கலாம் என்றால், அவர் திரும்பி வரும் முன்னே நாங்கள் இடம்பெயர்ந்துவிட்டோம். அவர் பிறகு இந்தியாவுக்குப் போய் அங்கேயே காலமானார். நல்ல மனுஷன்.

நாங்கள் மடுத் தேவாலயத்துப் பக்கம் கொட்டில் போட்டு இருந்தோம். கட்டையைக் கொண்டுபோயிருந்தேன். ஒரு மாரியில் விறகு எல்லாம் நனைந்துவிட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல், கஞ்சி வைக்க வழியில்லை. மனைவி என்னைக் கேட்டுத்தான் எடுத்தாள். நன்றாக எரிந்தது.

அதற்குப் பிறகும் நான் இதே வேலையைத்தான் செய்தேன். எத்தனையோ இடம், எத்தனையோ கரை. அந்த வேலைதான் என் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. ஓட்டம் பார்க்கிற ஒவ்வொரு முறையும் பின்னால் பார்த்துத்தான் உட்கார்ந்தேன். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

சண்டை முடிந்து, சிலாவத்துறையில் ஆட்கள் திரும்பக் குடியேறத் தொடங்கிய காலம். நான் தீவில் ஒரு பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு ஓட்டோ வந்து நின்றது. நரைத்த தாடியோடு ஒரு மெலிந்த ஆள் இறங்கினார். நான் ஒரு எஞ்சினைப் பிரித்து வைத்திருந்தேன். அவர் அதைக் குனிந்து பார்த்தார்.

"இதை ஆர் போடப் போறது?" என்றார்.

ஸ்பானர் கையிலிருந்து விழுந்துவிட்டது.

உட்கார வைத்தேன். தேத்தண்ணி கொடுத்தேன். உம்மா புத்தளத்தில் மவுத்தாகிவிட்டார் என்றார். கடைசிக் காலத்தில் எண்ணெய்ப் புகை மணம் வந்தால் தேயிலையின் கதை சொல்லிச் சிரிப்பாராம். பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் என் பெயர் தெரியும் என்றார். தேயிலை என்ற பெயர்தான். உண்மைப் பெயர் அவருக்கும் மறந்துவிட்டதாம்.

பிறகு, "கட்டை எங்க அண்ணன்?" என்று கேட்டார்.

"எரிச்சிட்டோம் பாஸ். மடுவுல பிள்ளைக்குக் கஞ்சி வச்சோம்."

அவர் சிரித்தார். "நல்ல வேலைக்குத்தான் போயிருக்கு. என்ட மகனும் சிலாவத்துறையில படகு போட்டிருக்கிறான். புதுசா ஒண்டு அறுப்பம்."

எனக்கு வேறு ஒன்று கேட்கவேண்டியிருந்தது. அவர் குடித்து முடித்துக் கோப்பையை வைக்கும் வரை காத்திருந்தேன்.

"பாஸ், அன்னிக்கு வால் எப்படிப் போச்சு?"

"நூல் பிடிச்ச மாதிரி" என்றார். "நான் பூட்டியிருந்தாலும் அப்பிடித்தான் பூட்டியிருப்பன்."

"அப்புறம் ஏங்க தொப்பி போடல?"

அவர் மடியில் இருந்த தொப்பியை எடுத்துத் தட்டினார், திரும்ப மடியிலேயே வைத்தார்.

"தொப்பி போட்டா முன்னால திரும்பி இருக்கோணும் அண்ணன்" என்றார். "நீங்கள் தீடையில நிக்கிறது தெரிஞ்சுகொண்டிருந்தது."